தரையின் தரப்பு

1953இல் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் தன் ஓவியக்கூடத்தின் தரையை மூடினார். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஈஸ்ட் ஹாம்ப்டனை ஒட்டிய ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். மீன்பிடிச் சாமான்கள் கிடந்த பழைய மரக்கொட்டகை ஒன்றை 1946இல் வீட்டின் வடபுறத்துக்கு நகர்த்தி, அதைத்தான் அவர் ஓவியக்கூடமாக்கியிருந்தார். குளிருக்கு அங்கே ஏற்பாடு எதுவும் கிடையாது. ஏழாண்டுகள் கழித்துக் கொட்டகையைக் குளிர்காலத்துக்கும் உகந்ததாகச் சீர்படுத்தியபோது, பலகைத் தரைமேல் மேசனைட் என்னும் மரநார் அட்டைகளைப் பதித்தார்கள். அந்த ஏழாண்டுகளில், தரையில் விரித்த கித்தானின் விளிம்பைத் தாண்டி விழுந்த பெயிண்ட் அத்தனையும் அட்டைக்கு அடியில் போயிற்று.

1956 ஆகஸ்டில் பொல்லாக் கார் விபத்தில் இறந்தார். மறு ஆண்டிலிருந்து அவருடைய மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னர் அதே கூடத்தில் வேலை செய்தார். 1984இல் அவரும் மறைந்தபின் வீடு ஸ்டோனி புரூக் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 1988இல் அதை அருங்காட்சியகமாகத் திறப்பதற்கு முன் மேசனைட் அட்டைகளைப் பெயர்த்தார்கள். கருப்பு, நீலம், மஞ்சள், அலுமினிய வெள்ளி என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிச்சமும் செருப்பும் படாத சொட்டுகள் அப்படியே இருந்தன. இன்று அந்தக் கூடத்துக்குள் நுழைகிறவர் தன் காலணியைக் கழற்றிவிட்டு, மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட செருப்பை மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

‘நீலக் கம்பங்கள்’ என்ற 1952ஆம் ஆண்டு ஓவியத்தை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 1973இல் 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியபோது அந்த நாடே அடித்துக்கொண்டது. ஓவியம் இப்போது கான்பெராவில் இருக்கிறது. அதே டப்பாவிலிருந்து கித்தானுக்கு வெளியே சிந்தியது லாங் ஐலண்டின் பலகையில் இருக்கிறது. அதற்கு நாலு வீடு தள்ளி, ஓவியம் வரைந்த அதே ஆண்டில், கூரைக்கு வெள்ளையடித்த யாரோ ஒரு பெயிண்டர் சிந்திய துளிகளை வீட்டுக்காரர் முழங்காலிட்டுச் சுரண்டியிருப்பார். பெயிண்டிலோ மரத்திலோ பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

ஸ்பிரிங்ஸில் அட்டையைப் பெயர்த்தவர்களுக்கு இருந்த கவலையும் அந்த வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டிய கவலையும் உண்மையில் ஒன்றுதான். மேலே இருப்பது போக வேண்டும், கீழே இருப்பதற்கு ஒன்றும் ஆகக் கூடாது. இதில் பெரும்பாலோர் கவனம் முழுவதையும் மேலே இருப்பதன்மேல் வைக்கிறார்கள். எந்தத் தின்னர் போட்டால் பெயிண்ட் கரையும் என்றுதான் கடையில் கேட்கிறார்கள். தரைமேல் என்ன பூசியிருக்கிறது என்று கடைக்காரரும் திருப்பிக் கேட்பதில்லை. மரத்தரை கெடுவது பெரும்பாலும் இந்தக் கேட்காத கேள்வியால்தான்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தக் கேள்விக்கு அவ்வளவாக வேலை இல்லை. ரெட் ஆக்சைடு, மொசைக், கடப்பா, இப்போது விட்ரிஃபைட் டைல்ஸ் என்று தரை கல்லாகவோ சிமென்டாகவோ இருக்கிறது. டைல்ஸில் விழுந்த எமல்ஷனைப் பெயிண்டர் பட்டி பார்க்கும் தகட்டால் ஒரு தள்ளுத் தள்ளுகிறார், மிச்சத்தைத் தின்னர் நனைத்த பழந்துணியால் துடைக்கிறார், வேலை முடிந்தது. அந்தக் கைப்பழக்கத்தோடு ஒருவர் டொரொன்டோவிலோ லண்டனிலோ ஓக் பலகைத் தரை போட்ட வீட்டுக்குக் குடிபோய், பிள்ளைகளின் அறைக்குத் தானே பெயிண்ட் அடித்து, அதே தகட்டையும் அதே தின்னரையும் எடுக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. டைல்ஸ் பொறுத்துக்கொண்டதை மரம் பொறுத்துக்கொள்ளாது.

மரத்தரை என்று சொன்னாலும், காலில் படுவது பெரும்பாலும் மரம் இல்லை. அதன்மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது அரக்காக, மெழுகாக, எண்ணெயாக, லேக்கராக, பாலியூரித்தேனாக இருக்கலாம். நல்ல நிலையிலுள்ள தரையில் பெயிண்ட் சொட்டு விழுந்தால் அது அந்தப் படலத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மரத்தை அது தொடவே இல்லை. படலம் தேய்ந்து மரம் வெளியே தெரிகிற இடத்தில் விழுந்தால் கதை வேறு. ஆக, அகற்றுகிறவருடைய வேலை இரண்டு படலங்களுக்கு நடுவே நடக்கிறது. மேல்படலத்தைப் பாதிக்கிற, கீழ்ப்படலத்தைப் பாதிக்காத ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். சூடா, ஈரமா, ஸ்பிரிட்டா, வெறும் நகமா என்பது அப்புறம்.

மேல்படலம் காய்ந்த விதத்தை முதலில் பார்க்கலாம். பெயிண்ட் காய்வதில் அடிப்படையான இரண்டு வழிகள் உண்டு. எமல்ஷன் என்று நாம் சொல்கிற தண்ணீர் பெயிண்டில், கண்ணுக்குத் தெரியாத பாலிமர் மணிகள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாகும்போது மணிகள் நெருங்கி, அமுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. இது பெரும்பாலும் பௌதிக மாற்றம்தான். காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. ஆனால் சூடு பட்டால் இளகும், ஆல்கஹால் பட்டால் ஊறி மெத்தென்றாகும். எண்ணெய் பெயிண்டும் எனாமலும் காய்வது வேறு மாதிரி. அவற்றிலுள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றுடன் ஒன்று குறுக்கே பிணைந்து வலையாகிவிடுகின்றன. அந்த வலையைத் திரும்பப் பிரிக்க முடியாது. டப்பாவில் இருந்தபோது டர்பன்டைனில் கரைந்த அதே எனாமல், காய்ந்து ஒரு மாதம் ஆனபின் டர்பன்டைனைச் சட்டை செய்யாது. டப்பாவின் பின்புறம் போட்டிருக்கிற தின்னர் ஈரப் பெயிண்டுக்குத்தான்.

வீட்டுச் சுவருக்கான தண்ணீர் பெயிண்ட் அமெரிக்கச் சந்தையில் பெரிய அளவில் வந்தது, கிளிடன் நிறுவனம் 1948இல் ‘ஸ்பிரெட் சாட்டின்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியபோது. பொல்லாக் ஸ்பிரிங்ஸில் கித்தானைத் தரையில் விரித்து ஊற்றிக்கொண்டிருந்த அதே காலம். அவர் கையாண்டது பெரும்பாலும் எனாமல்களும் அலுமினிய பெயிண்டும். வீட்டுக்கும் காருக்கும் அடிக்கிற அந்தச் சரக்கு நீளமான இழையாக ஒழுகும், தரையில் விழுந்தபின் கெட்டியாக இறுகும். அட்டைக்கு அடியில் அத்தனை ஆண்டுகள் அவை தாக்குப்பிடித்ததில் இந்தக் காய்கிற முறைக்கும் பங்கு உண்டு.

வீட்டில் விழுந்த சொட்டு எந்த வகை என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. ஒரு பஞ்சில் மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் தோய்த்துச் சொட்டின் உச்சியை மட்டும் சில நொடிகள் தேய்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால், அல்லது சொட்டு பிசுபிசுத்தால், அது எமல்ஷன். ஒன்றும் ஆகாமல் பளபளவென்று இருந்தால் எண்ணெய் வகை.

இனி தரையின் பக்கம். இதற்கும் சோதனை உண்டு. ஆனால் அலமாரிக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ கண்ணில் படாத மூலையில் செய்ய வேண்டும். முதலில் ஒரு துளித் தண்ணீர். உடனே உறிஞ்சப்பட்டு மரம் கருத்தால் படலம் ஏதும் இல்லை, அல்லது தேய்ந்துபோயிற்று. அடுத்து, டர்பன்டைன் தோய்த்த வெள்ளைத் துணி. துணியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ வழுவழுவென்று ஏதாவது வந்தால் அது மெழுகு. மூன்றாவது ஸ்பிரிட். படலம் பிசுபிசுத்தால் அரக்கு. அதற்கும் மசியாமல் லேக்கர் தின்னருக்கு மட்டும் இளகினால் லேக்கர். எதற்கும் அசையவில்லை என்றால் பாலியூரித்தேனாகவோ அதற்கு நிகரான வார்னிஷாகவோ இருக்கலாம். இந்த மூலைச் சோதனைக்கு ஆகும் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் அறை முழுவதையும் இழைக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

தரைகளிலேயே சிக்கலானது அரக்குத் தரை. பாலியூரித்தேன் பரவலாவதற்கு முன் அமெரிக்க வீடுகளில் அரக்குப் பூச்சு சாதாரணம். அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. பலாசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கிற பிசினைச் சுரண்டி, உருக்கி, செதில்களாக்கிக் கல்கத்தா வழியே ஏற்றுமதி செய்தார்கள். இன்றும் அரக்கு உற்பத்தியில் ஜார்க்கண்ட் முன்னணியில் இருக்கிறது. அரக்குச் செதிலைக் கரைக்கிற திரவம் ஆல்கஹால். தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் போடுவதும் இதை வைத்துத்தான். இப்போது அந்தத் தரையில் எமல்ஷன் சொட்டு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எமல்ஷனை இளக்க ஊர் முழுவதும் சொல்கிற மருந்து ஸ்பிரிட். அது சொட்டை இளக்குவதற்குள் சுற்றியுள்ள அரக்கைக் கரைத்துவிடும். அம்மோனியா கலந்த துடைப்பானும் அரக்கை அரிக்கும். வெறும் தண்ணீர்கூட நெடுநேரம் நின்றால் வெள்ளையாகப் பூத்துவிடும். பாலியூரித்தேன் தரையில் ஒன்றுமே செய்யாத தண்ணீர் இங்கே கறை போடுகிறது. எது மென்மையான வழி, எது முரட்டு வழி என்ற பட்டியலுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. எந்தத் தரையில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அது பட்டியல்.

அரக்குத் தரையில் எமல்ஷனுக்கு இருக்கிற ஒரே நல்ல வழி சூடு, அதுவும் இளஞ்சூடு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்ட வேண்டும். அரக்கும் சூட்டுக்கு இளகக்கூடியதுதான் என்பதால் சொட்டு நகத்துக்கு இணங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன்னை இங்கே எடுக்கவே கூடாது. அது அரக்கைக் கொப்புளிக்க வைக்கும், மரத்தைக் கருக்கும்.

பாலியூரித்தேன் பூசிய ஓக் தரையில் ஒரு வெள்ளை எமல்ஷன் சொட்டைக் கிட்ட வைத்துப் பார்த்தால் வேலை எப்படி நடக்கிறது என்று புரியும். கூரையிலிருந்து விழுந்ததால் அது ஒற்றைச் சொட்டாக இல்லை. நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு திட்டு, சுற்றிலும் ஊசிமுனைப் புள்ளிகள். திட்டின் விளிம்பு மெலிந்து தரையோடு ஒட்டியிருக்கிறது, நடு தடித்திருக்கிறது. முதலில் அந்த இடத்தைத் துடைத்து மணலும் தூசியும் இல்லாமல் செய்ய வேண்டும். சொட்டுக்கு அடியில் மாட்டிய ஒரே ஒரு மணல் துணுக்கு, தகட்டின் ஒவ்வொரு தள்ளலிலும் தரையைக் கீறும். பிறகு வெந்நீரில் துளி சோப்பு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, சொட்டின்மேல் மட்டும் சில நிமிடங்கள் போட்டுவைக்க வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்து படலத்தைச் சற்று ஊற வைக்கும். அதன்பின் பிளாஸ்டிக் தகடு, அல்லது காலாவதியான ஏ.டி.எம். அட்டை. அதைச் செங்குத்தாக நிறுத்தாமல், தரையோடு படுக்கிற மாதிரி சாய்த்து, மர ரேகை ஓடுகிற திசையில் விளிம்பிலிருந்து தள்ள வேண்டும். ரேகைக்குக் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் அறைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். ரேகையோடு போனால் அதிலேயே மறைந்துவிடும்.

நடுத்திட்டு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் தோல் மாதிரி கிளம்பிவிடும். ஊசிமுனைப் புள்ளிகள்தான் பிடிவாதம் பிடிக்கும். ஓக் மரத்துக்குத் திறந்த நுண்துளைகள் உண்டு. ரேகை நெடுகச் சிறு சிறு பள்ளங்களாக ஓடும். மேல்பூச்சு மெலிந்திருந்தால் பெயிண்ட் அந்தப் பள்ளங்களில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அங்கே தகடு போகாது. பஞ்சு சுற்றிய குச்சியில் ஸ்பிரிட்டைத் தோய்த்து, கூடுதலானதைப் பிழிந்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியாக உருட்டி எடுக்க வேண்டும். ஒருமுறை உருட்டிய பஞ்சை மறுபடி வைத்தால், எடுத்த வெள்ளையை அடுத்த பள்ளத்தில் பூசியதாகிவிடும். பாலியூரித்தேனுக்கு ஸ்பிரிட் அவ்வளவாகத் தீங்கில்லை என்றாலும் அதில் ஊற விடக் கூடாது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட புதிய வகைப் பூச்சுகள் பழைய எண்ணெய் வகையைவிடச் சற்று மென்மையானவை. கடைசியில் ஈரத்துணி, பிறகு உலர்துணி.

எனாமல் சொட்டாக இருந்தால் ஊற வைப்பதில் பயனில்லை; ஆனால் வேறொரு அனுகூலம் உண்டு. பழைய எண்ணெய் பெயிண்ட் நொறுங்கக்கூடியது. பளபளப்பான பூச்சின்மேல் அதற்குப் பிடிமானமும் குறைவு. தகட்டை விளிம்பில் கொடுத்து மெல்லத் தள்ளினால் முழுச் சொட்டும் சில்லாகத் தெறித்து வந்துவிடுவதுண்டு. எமல்ஷன் உரியும், எனாமல் உடையும். கைக்கு இது தெரிந்துவிட்டால் பாதி மருந்துகள் தேவைப்படுவதில்லை.

எந்த மரம் என்பதும் கணக்கில் வரும். 1906இல் கேப்ரியல் ஜன்கா என்ற ஆஸ்திரியர் மரத்தின் கடினத்தை அளக்க ஒரு முறை வகுத்தார். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு பாதி அமிழ எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது அது. அந்தக் கணக்கில் அமெரிக்கச் சிவப்பு ஓக் 1,290 பவுண்டு விசை தாங்குகிறது; ஹார்ட் மேப்பிள் 1,450; கிழக்கத்திய வெள்ளைப் பைன் வெறும் 380. ஓக்கின்மேல் இரும்புத் தகட்டை வைத்துத் தப்பித்தவர் அதே கையழுத்தத்தோடு பைன் தரையில் வைத்தால் தகட்டின் மூலை பள்ளமாகப் பதியும். மேப்பிள் இன்னொரு வகையில் ஏமாற்றும். கடினம் அதிகம், நுண்துளைகள் நெருக்கம், அதனால் பெயிண்ட் உள்ளே இறங்காது. ஆனால் பரப்பு ஒரே சீராக இருப்பதால் சிறு கீறலும் மறைய இடமில்லை. ‘மாயத் துடைப்பான்’ என்று விற்கிற மெலமைன் ஸ்பாஞ்சைப் பலர் இங்கேதான் நம்பி எடுக்கிறார்கள். தொட்டால் மிருது. உண்மையில் அது மிக நுண்ணிய உப்புத்தாளுக்குச் சமம். சொட்டு போன இடத்தில் பளபளப்பும் போய், மங்கலாக ஒரு வட்டம் நிற்கும்.

ஓவியங்களைச் சீரமைக்கிறவர்கள் இதே சிக்கலோடு நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். 1863இல் மியூனிக்கின் வேதியியலாளர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், மங்கிப்போன வார்னிஷைத் தொடாமலே தெளியவைக்க ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஓவியத்தை ஆல்கஹால் ஆவி நிறைந்த பெட்டிமேல் கவிழ்த்துவைத்தால் போதும். ஆவி பட்ட வார்னிஷ் இளகி, நுண்வெடிப்புகள் மூடி, படம் பளிச்சென்று தெரிந்தது. கை படாமல், பஞ்சு படாமல் முடிந்த வேலை என்று ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் வரவேற்றன. ஆவி வார்னிஷோடு நிற்கவில்லை, அடியிலிருந்த வண்ணத்தையும் இளக்கியது என்பது பிற்பாடு தெரியவந்தது. பெட்டன்கோஃபருக்கு மேல்படலத்தின் வேதியியல் நன்றாகவே தெரிந்திருந்தது. கணக்குப் பிசகியது கீழ்ப்படலத்தில்.

இதற்கு நேரெதிரான முறை எச்சில். பஞ்சுக் குச்சியை நாவில் தொட்டு ஓவியத்தின் அழுக்கை உருட்டி எடுப்பதைச் சீரமைப்பாளர்கள் வெகுகாலமாக, கொஞ்சம் கூச்சத்தோடு, செய்துவந்தார்கள். போர்ச்சுகல் ஆய்வாளர்கள் மூவர் 1990இல் இதைச் சோதித்து, எச்சிலிலுள்ள அமிலேஸ் என்ற நொதிதான் அழுக்கை இளக்குகிறது என்று எழுதினார்கள். அந்த ஆய்வுக்கு 2018இல் வேதியியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. எச்சிலால் எமல்ஷன் சொட்டை எடுக்க முடியாது. ஆனால் அந்த முறையிலுள்ள தர்க்கம் மரத்தரைக்கும் பொருந்துகிறது. மிகக் குறைந்த அளவு, ஒரு இடத்தில் மட்டும், நடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே. 1980களில் சீரமைப்பாளர் ரிச்சர்ட் வோல்பர்ஸ் பரப்பிய ஜெல் முறையும் இந்த வழியில் வந்ததுதான். கரைப்பானைக் கூழாக்கி வைத்தால் அது பரவாது, ஆழமாக ஊறாது, வைத்த இடத்திலேயே நின்று வேலை செய்யும்.

பொல்லாக்கின் ஓவியத்திலேயே இப்படி ஓர் அகற்றல் நடந்திருக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலுள்ள ‘ஒன்று: எண் 31, 1950’ என்ற பெரிய கித்தானைச் சீரமைத்தபோது, அவருடைய சொட்டுகளோடு ஒட்டாத சில தீற்றல்கள் சீரமைப்பாளர்களின் கண்ணில் பட்டன. 1962இல் எடுத்த புகைப்படங்களில் அவை இல்லை. பொல்லாக் இறந்து ஆண்டுகள் கழித்து, வெடிப்புகளை மறைக்க யாரோ பூசிய பெயிண்ட். 2013இல் அதை எடுத்தார்கள். பெயிண்டின் மேலிருந்து பெயிண்டை, கீழே உள்ளது சிதையாமல் எடுப்பது. அங்கே தகடு நுழைய இடமே இல்லை.

வீட்டுத் தரைக்குத் திரும்பினால், சேதம் மரத்தோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைகளில் வெகுகாலம் விற்ற பெயிண்ட் உரிப்பான்களில் முக்கியச் சரக்கு மெத்திலீன் குளோரைடு. எந்தப் பெயிண்டையும் நிமிடங்களில் கொப்புளிக்க வைக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். குளியல் தொட்டிகளுக்குப் புதுப்பூச்சு போடும் தொழிலாளர்கள் 13 பேர் 2000க்கும் 2011க்கும் இடையே அமெரிக்காவில் இதனால் இறந்தது பதிவாகியிருக்கிறது. 2019இல் அங்கே பொதுமக்களுக்கு இதை விற்பது தடை செய்யப்பட்டது. தரையில் முழங்காலிட்டு, மூக்கைச் சொட்டுக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவருக்கு இது எப்படிப்பட்ட மருந்து என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

பழைய வீட்டின் சொட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் விதிகள் 90 பி.பி.எம். என்று வரம்பு கட்டி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய எனாமலை உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசி, தவழ்கிற குழந்தையின் கைக்கும் அங்கிருந்து வாய்க்கும் போகும். காரைக்குடி பழம்பொருள் கடைகளிலிருந்து எனாமல் பூசிய பழைய தேக்குக் கதவை வாங்கிவந்து வீட்டில் வைத்துச் சுரண்டுகிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். ஈரத்தோடு சுரண்டினால் தூசி பறக்காது.

மூன்றாவது ஆபத்து, துணி. 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடம் பற்றி எரிந்தது. மரப்பலகைச் சுவர்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன ஆளி விதை எண்ணெய்த் துணிகள் தாமாகவே சூடேறித் தீப்பிடித்தன. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக் காய்கிறது என்று மேலே பார்த்தோமே, அந்த வினை சூட்டை வெளியிடும். விரித்துப்போட்ட துணியில் சூடு காற்றோடு போய்விடும். பந்தாகச் சுருட்டி மூலையில் எறிந்த துணியில் உள்ளேயே ஏறும். சொட்டு எடுத்த இடத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசிப் பளபளப்பேற்றுகிறவர், துணியைத் தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப்போடுவது நல்லது.

ஒவ்வொரு சொட்டையும் எடுத்தே ஆக வேண்டுமா என்பது வேறு விவகாரம். ஓவியர் ஃபிரான்சிஸ் பேகனின் லண்டன் ஓவியக்கூடம் 1998இல் டப்ளினின் ஹியூ லேன் கலைக்கூடத்துக்குக் கொடையாக வந்தபோது, அதிலிருந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களோடு சுவர், கதவு, தரை, தூசி என எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டுபோய் அப்படியே அடுக்கினார்கள். தொல்லியலாளர்கள் வந்து ஒவ்வொன்றும் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். பேகன் தூரிகையைத் துடைத்த கதவும் இன்று காட்சிப்பொருள். ஸ்பிரிங்ஸில் தரை பொல்லாக்குடையது என்றால் சுவர் கிராஸ்னருடையது. அவர் கித்தானைச் சுவரில் மாட்டி வரைந்தவர். விளிம்பைத் தாண்டிய அவருடைய தூரிகைத் தடங்கள் மரச்சுவரில் இருக்கின்றன. காலில் மெத்தைச் செருப்போடு வருகிறவர்கள் குனிந்தே பார்த்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு.

சாதாரண வீட்டுக்காரர் இதை வைத்துத் தன் கூடத்துச் சொட்டுகளை அருங்காட்சியகம் ஆக்கப் போவதில்லை. ஆனால் பலகைகளுக்கு நடுவே இடுக்கில் இறங்கிய பெயிண்டை ஊசியால் குடைந்து பலகையின் விளிம்பைச் சில்லெடுப்பதைவிட, அதே இடத்தில் தரையின் நிறத்தில் மெழுகு மக்கு அடைத்து மறைப்பது உத்தமம் என்று தேர்ந்த தச்சர் சொல்வார். எடுப்பதா, மறைப்பதா, விட்டுவிடுவதா என்ற முடிவை இடத்துக்கு இடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் சில சமயம் வேலை முடிந்த இடத்தில் ஒரு வெளிர்வட்டம் மிஞ்சும். கீறல் இல்லை, பளபளப்பும் குறையவில்லை, ஆனாலும் சொட்டு இருந்த வடிவம் அப்படியே தெரியும். ஓக்கும் செர்ரியும் வெளிச்சம் பட்டுப் பட்டுக் கருக்கும். எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் ஆண்டுக்கு ஆண்டு மஞ்சளேறும். நெடுநாள் கிடந்த சொட்டு, தனக்குக் கீழேயிருந்த மரத்துக்கு அத்தனை காலமும் வெயில் மறைத்திருக்கிறது. வீட்டுக்காரர் இதைச் சேதம் என்று நினைத்து உப்புத்தாளை எடுத்தால் அப்போதுதான் உண்மையான சேதம் தொடங்கும். அங்கே போட்டிருக்கிற ஜமுக்காளத்தைச் சுருட்டிவைத்து, திரைச்சீலையை விலக்கிவிட்டால், செர்ரியாக இருந்தால் சில வாரங்களிலும் ஓக்காக இருந்தால் சில மாதங்களிலும் நிறம் நெருங்கிவரும். வால்நட் தரையில் மட்டும் கணக்கு தலைகீழ். அது வெயிலில் வெளிறுகிற மரம் என்பதால் சொட்டு இருந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கருப்பாக நிற்கும், வெளிச்சம் படப் பட வெளுத்துச் சேரும்.